ஊதிவிட்ட திருநீறு

கஜானி தன் தகப்பனை அப்பா என்று கூப்பிடுவதை நிறுத்தி மூன்று கிழமை ஆகியிருந்தது. முதல் கிழமை யசீகரன் அதைக் கவனிக்கவேயில்லை. இரவு வேலைக்காரனுக்குத் தன் வீட்டில் நடப்பதில் பாதிதான் தெரியும். மீதியை மனைவி சொல்ல வேண்டும். மனைவிக்கும் அதைச் சொல்ல நேரம் கிடைக்க வேண்டும்.

முறையாகச் சொல்வதானால் அந்த வீட்டின் காலையிலிருந்து தொடங்க வேண்டும். உலகத்தின் தென்கோடி நாடொன்றில், மனுரேவா என்ற புறநகரில், ரயில் போனால் அலுமாரிக் கண்ணாடி அதிரும் தூரத்தில் அவர்களுடைய வாடகை வீடு. யசீகரனுக்கு விரி என்ற இடத்தில் ஒரு தோல் கொட்டகையில் வேலை. இறைச்சித் தொழிற்சாலைகளிலிருந்து மாட்டுத் தோல்கள் லொறியில் வந்து இறங்கும். ஆடி மாதத்தில் வருகிற இந்த நாட்டுக் குளிரில் லொறிக் கதவைத் திறந்தால் குவியலிலிருந்து ஆவி எழும்பும். உயிர்ச்சூடு அப்போதும் முழுக்க ஆறியிருக்காது. அவற்றைக் கழுவி, உள்பக்கத்துக் கொழுப்பை இயந்திரத்தில் வழித்து, மேசையில் மயிர்ப்பக்கம் கீழாக விரித்து, கல்லுப்பைச் சவளால் அள்ளி வீசி, சுருண்ட ஓரங்களைக் கையால் இழுத்துவிட வேண்டும். அதன்மேல் அடுத்த தோல், பிறகு உப்பு. குளிரும் உப்பும் சேர்ந்து கையுறைக்குள்ளும் புகுந்து விரல் இடுக்குகளை வெடிக்க வைக்கும். வேலை முடிந்ததும் அங்கேயே இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் குளித்து, உடுப்பு மாற்றிக்கொண்டுதான் காரில் ஏறுவான். ஆனாலும் நகக்கண்ணில் ஒரு வாடை ஒட்டிக்கொண்டு வரும்.

அவன் வீட்டுக்குள் கால் வைக்கும்போது வசந்தமலர் சீருடையின் பொத்தானைப் பூட்டிக்கொண்டிருப்பாள். அவளுக்கு ஒரு முதியோர் இல்லத்தில் காலை வேலை. கிழடுகளை எழுப்பி, குளிப்பாட்டி, கதிரையில் இருத்தி, கஞ்சி பருக்க வேண்டும்.

“இஞ்சருங்கோ, சம்பல் இடிச்சு வைச்சிருக்கு. பிள்ளைக்கு டிபன் பெட்டி நீங்கள்தான். சொக்ஸ் காயேல்ல, ஹீட்டருக்கு மேல கிடக்கு.”

“நீர் போம். நான் பாக்கிறன்.”

கணவனும் மனைவியும் ஒருநாளில் பேசிக்கொள்வது பெரும்பாலும் இவ்வளவுதான். அவளுடைய கார் போனதும், அலுமாரிக்குள் இருக்கும் சாமிப் படங்களுக்கு முன்னால் யசீகரன் விளக்கேற்றுவான். தான் திருநீறு பூசிக்கொண்டு, ஒரு சிட்டிகையை விரலில் எடுத்துக்கொண்டு மகளின் அறைக்குப் போவான். நித்திரையாய்க் கிடக்கும் பிள்ளையின் நெற்றியில் பூசுவான். தூள் கண்ணில் விழாதபடி இடது கையைப் புருவத்துக்கு மேல் குடைபோலப் பிடித்து மெல்ல ஊதிவிடுவான். கஜானி பிறந்து முப்பத்தொராம் நாள் துடக்குக் கழித்ததிலிருந்து வந்த வழக்கம். ஒன்பது வயதாகியும் விடவில்லை. பகலெல்லாம் உறங்கி இரவெல்லாம் இல்லாமல் போகிற ஒரு தகப்பன் தன் பிள்ளைக்கு வேறு என்னத்தைச் செய்ய முடியும் என்று நினைத்துக்கொள்வான்.

இரண்டாம் கிழமை ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் விஷயம் வெளியே வந்தது. மூவரும் ஒன்றாக இருந்து சாப்பிடுகிற ஒரே நேரம் அது. மீன் குழம்பும், பெட்டியில் உறைந்து வந்த முருங்கைக்காயில் வைத்த பால்கறியும். வெளியே மழை சாய்ந்து பெய்தது.

“பிள்ளை, உந்தத் தண்ணிப் போத்தலை எடுத்துத் தாங்கோ” என்றான் யசீகரன்.

கஜானி போத்தலைத் தொடவில்லை. அவன் முகத்தை நேராகப் பார்த்து, வகுப்பில் இடாப்புக் கூப்பிடுகிற ஆசிரியையைப் போல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்:

“யசீகரன் கதிர்காமநாதன்.”

கதிர்காமநாதன் அவனுடைய தகப்பன் பெயர். இந்த நாட்டுக் காகிதங்களில் குடும்பப் பெயராகிவிட்டது.

“என்னடி சொன்னனீ?” வசந்தமலரின் கை சோற்றில் நின்றது.

கஜானி இன்னொரு தரம் சொன்னாள். சொல்லிவிட்டுக் கண்ணை வெட்டாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பேர் சொல்லிக் கூப்பிடுற அளவுக்கு வந்திட்டியோ? ஆரிட்டப் பழகினனீ உதை?” தாய் எட்டித் தோளில் ஒன்று போட்டாள்.

“விடும் மலர். இஞ்சத்தைப் பிள்ளையள் அப்பிடித்தான். எங்கட சுப்பர்வைசரின்ர மகன் அவரை ஸ்டீவ் எண்டுதான் கூப்பிடுறான். அந்தாள் பூனைக்குட்டி மாதிரி ஓடிப் போகுது.”

“நீங்கள் பல்லைக் காட்டிக் காட்டித்தான் உவளைக் கெடுத்தது.”

“காட்டப் பல்லாவது கிடக்கே. உப்பு தின்னாமல் விட்டது அது ஒண்டுதான்.”

அடி வாங்கிய பிள்ளை அழவில்லை. அவள் பார்வையில் இருந்தது ஆறுதலா, இன்னும் பெரிய பயமா என்று யசீகரனுக்குப் பிடிபடவில்லை. மகள் வளருகிறாள் என்று நினைத்துத் தண்ணீரைத் தானே எட்டி எடுத்தான்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. பள்ளிக்குப் போகையில் முன்னால் ஏறி ரேடியோவைத் திருகுகிறவள் பின் இருக்கையில் கதவோடு ஒட்டிக்கொண்டாள். மழையிலும் கண்ணாடியை இறக்கிவிட்டாள். அவன் கட்டிக் கொடுத்த டிபன் பெட்டி கட்டியபடியே திரும்பி வந்தது. அவன் கை பட்ட பிளேன் டீயைக்கூட வாங்கிக் குடிக்கவில்லை. மெலிந்தாள். கண்ணுக்குக் கீழே கருமை விழுந்தது.

வசந்தமலர் இதை நாவூறு என்று முடிவு கட்டினாள். கிளென்ஃபீல்டில் ஒரு பிறந்தநாள் வீட்டில் பிள்ளை ஆடிய ஆட்டத்தை ஆரோ கண் வைத்திருக்கிறார்கள். செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து மூன்று தரம் சுற்றித் தாச்சியில் போட்டாள். மிளகாய் புகைந்து, கூரையில் இருந்த புகை மணி அலறத் தொடங்கியது. யசீகரன் கதிரையில் ஏறித் துவாயால் விசுக்கினான். பக்கத்து வீட்டு டோங்காக்காரர் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, எல்லாம் சரியா என்று கேட்டார். கஜானி குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டாள்.

“பாத்தீங்களே, எவ்வளவு கண்ணூறு எண்டு. நெடியே இல்லை” என்றாள் வசந்தமலர், இருமிக்கொண்டே.

தோல் கொட்டகையில் காலை முறைக்கு வருகிறவர்களில் திருநாவுக்கரசு என்று ஒருவர் இருந்தார். ராணிப்பேட்டைக்காரர், தோல் பதனிடும் படிப்புப் படித்துவிட்டு வந்தவர். தோல்களைத் தரம் பிரிப்பது அவர் வேலை. யசீகரன் குளித்துவிட்டு வெளியே போகும் நேரமும் அவர் உள்ளே வரும் நேரமும் தேநீர் அறையில் சந்தித்துக்கொள்ளும்.

“என்ன யசி, உங்க ஊர்ல தூங்குறதுக்கு வேற பேரு வச்சிருக்கீங்களே, அது இல்ல போலிருக்கு?”

“நித்திரை. அது வந்தாத்தானே பேர் வைக்க.” பிறகு மகளைப் பற்றிச் சொன்னான். பெயர் சொல்லிக் கூப்பிட்டதையும் சொன்னான்.

திருநாவுக்கரசு சிரிக்கவில்லை. “முழுப் பேரா சொன்னா?”

“ஓம். அப்பற்ற பேரோட.”

“ஐயய்யோ. எம் பையன் அகிலும் போன வருஷம் இப்படித்தான் பிடிச்சிக்கிட்டு அலைஞ்சான். போன்ல வீடியோ பாத்துட்டு. ஸ்கின்வாக்கர்னு.”

“அதென்னது?”

“அமெரிக்காவுல நவாஹோன்னு ஒரு ஜனம். அவங்க நம்பிக்கையில சில சூனியக்காரங்க இருக்காங்களாம். ஓநாய், நரி, இதுங்க தோல எடுத்துப் போத்திக்கிட்டா அதுவாவே மாறிடுவாங்களாம். வீட்டுக்கு வெளிய நின்னு நமக்கு வேண்டியவங்க குரல்ல கூப்பிடுமாம். ஆனா அது யாருன்னு கண்டுபிடிச்சு முழுப் பேரையும் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டா செத்துடுமாம்.”

யசீகரன் கோப்பையைக் கீழே வைத்தான்.

“அந்த ஜனங்க இதப் பத்தி வாயே திறக்க மாட்டாங்களாம், யசி. பேசுறதே கெடுதின்னு. வீடியோ போடுறவன் எல்லாம் சம்பந்தமே இல்லாத ஆளுங்க.”

“பேசக்கூடாதெண்டு அவையள் பொத்தி வைச்சிருக்கிறதை இவங்கள் பாட்டாப் படிக்கிறாங்கள். என்ர பிள்ளைக்கு ஏன் அண்ணை நான் அப்பிடித் தெரியோணும்?”

திருநாவுக்கரசு வாசல் பக்கம் பார்த்தார். “நான் ஒரு போட்டோ எடுத்தேன் ஞாபகம் இருக்கா?”

இருந்தது. லொறி இறக்கும் இடத்தில் கூரை ஒழுகிய நாள், முறை மாறும் நேரம். பாரம் தாங்காமல் ஒரு கறுப்புத் தோலைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு வந்தபோது அது தலைக்கு மேலேயும் விழுந்துவிட்டது. காளை வருது காளை வருது என்று எல்லோரும் கத்த, திருநாவுக்கரசு படம் எடுத்து அனுப்பினார். வசந்தமலர் அதைப் பார்த்துச் சிரித்துத் தன் தொலைபேசியில் வைத்திருந்தாள். கஜானி விளையாடுவது அந்தத் தொலைபேசியில்தான்.

“நான் வேணா வந்து பாப்பாகிட்ட பேசட்டுமா?”

“வேண்டாம் அண்ணை. நீங்களும் தோல் மணக்க மணக்க வந்து நிண்டா, கூட்டமா வந்திட்டினம் எண்டு நினைப்பாள்.”

சிரித்தார்கள். சிரித்துவிட்டு யசீகரன் வண்டிக்குப் போனான். இன்றைக்கு அவளை இருத்திக் கதைக்க வேண்டும் என்று நினைத்தான். அதற்குள் பள்ளியிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. இரண்டு பெற்றாரும் வர வேண்டும்.

பள்ளி ஆலோசகர் பெண் இதமானவள். சின்ன அறை, மூன்று தாழ்ந்த கதிரைகள், ஒரு பெட்டி காகிதக் கைத்துண்டு. கஜானி அடுத்த அறையில் படம் கீறிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போகப் பயமாயிருக்கிறது என்று பிள்ளை சொல்லியிருக்கிறாள். விடியற்காலையில் அப்பா வந்து தன் முகத்தில் எலும்புத் தூளை ஊதுகிறார் என்றும் சொல்லியிருக்கிறாள்.

வசந்தமலருக்கு முதலில் விளங்கவில்லை. “என்னப்பா எலும்புத் தூள்?”

யசீகரனுக்கு விளங்கிவிட்டது. தோலும் பெயரும் மட்டும்தான் என்று இருந்தான். இதையும் அந்த வீடியோக்காரர்கள் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கவில்லை. செத்தவர்களின் எலும்பைப் பொடித்து, உறங்குகிறவர்கள் முகத்தில் ஊதிவிட்டால் அவர்கள் நோய் வருத்தம் கண்டு தேய்ந்துபோவார்கள் என்பது அந்தக் கதையில் வருகிறது என்று ஆலோசகர் பெண்தான் சொன்னாள். அவளும் தேடிப் படித்திருந்தாள்.

வசந்தமலர் அவசரப்பட்டு விளக்கம் சொன்னாள். அது சாமிச் சாம்பல். எலும்பில்லை. மாட்டுச் சாணத்தைச் சுட்டு எடுப்பது.

“மாட்டினுடைய” என்று மெல்லத் திருப்பிச் சொன்னாள் அந்தப் பெண். முன்னால் இருந்த படிவத்தில் தகப்பனின் தொழில் என்று எழுதியிருந்த இடத்தை அவள் கண் ஒருதரம் தொட்டுவிட்டு வந்தது.

“மாடெண்டா அந்த மாடில்லை” என்று வசந்தமலர் தமிழிலேயே சொல்லிவிட்டாள். அந்த விளக்கத்துக்குப் பிறகு எதுவும் இலேசாகவில்லை.

கடைசியில் அந்தப் பெண் சொன்னது இதுதான். யாரையும் குற்றம் சொல்லவில்லை. நம்பிக்கைகளை மதிக்கிறோம். ஆனால் பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை, உறங்குவதில்லை. பயம் தெளியும்வரை காலையில் தாய் கூட இருப்பது நல்லது. தகப்பன் தனியே பிள்ளையோடு இருக்காமல் கொஞ்ச நாள் பார்ப்போம். அடுத்த கிழமை திரும்பச் சந்திப்போம்.

யசீகரன் தலையாட்டினான்.

காரில் வைப்பர் ஓடியது. மனுரேவா நிலையத்தடியில் சிவப்பு விளக்கில் நிற்கும்போது வசந்தமலர் சொன்னாள்: “நான் காலமை வேலையை விட வேண்டியதுதான். இனியும் ரோஸ்டர் மாத்தக் கேட்டா எங்கட மனேஜர் தரமாட்டாள்.”

“நான் வெளியில நிக்கிறன். நீர் போகுமட்டும் காருக்க இருக்கிறன். பேந்து—”

“பேந்து? நான் போனாப் பிறகு ஆர் பாக்கிறது?”

பின் இருக்கையில் கஜானி கண்ணாடியைத் திறந்துவைத்துக்கொண்டு மழையைப் பார்த்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் வசந்தமலர் குசினிக்குள் போய் அரிசி கழுவினாள். யசீகரன் முந்தின நாள் பின்னேரம் எழும்பியவன், இன்னும் படுக்கவில்லை. கண்ணுக்குள் உப்பு விழுந்ததுபோல எரிந்தது. படுக்கப் போகாமல் மகளின் அறை வாசலில், நிலையில் முதுகைச் சாய்த்து நடைபாதைக் கம்பளத்தில் இருந்தான். உள்ளே கால் வைக்கவில்லை. அவள் கட்டிலில் முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“உள்ளுக்கு வரமாட்டன். இதில இருந்து கதைக்கலாமோ?”

தலையாட்டினாள்.

“என்ர முழுப் பேரை நீ சொன்னனீ. நான் சாகேல்லையே, பிள்ளை.”

அவள் ஆங்கிலத்தில்தான் பதில் சொன்னாள். “அது உங்களுடைய உண்மையான பெயர் இல்லை.”

“அப்ப எது?”

“லண்டன் மாமி வேற பெயர் சொல்லுவா.”

யசீகரனுக்குச் சிரிப்பு முட்டியது, அடக்கிக்கொண்டான். லண்டனில் இருக்கும் தமக்கை அவனைக் கிளி என்றுதான் கூப்பிடுவாள். சிறுவயதில் விழுந்த வீட்டுப் பெயர். அவர்கள் ஊரில் காகிதத்தில் ஒரு பெயர், வாயில் ஒரு பெயர் எல்லோருக்கும் உண்டு. அதை ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஒருவரும் விளக்கியதில்லை. வேலையில் யாஸ். தமக்கைக்குக் கிளி. மனைவிக்கு இஞ்சருங்கோ. ஒரு மனிதனுக்கு இத்தனை பெயர் இருந்தால் எந்தப் பிள்ளைதான் நம்பும்?

“ஓம். வீட்டில வைச்ச பேர் அது. அப்ப அதைச் சொல்லன். சொல்லிப் பார். நான் அப்பா எண்டா ஒண்டும் நடக்காதுதானே?”

கஜானி முகத்தை முழங்காலில் அழுத்திக்கொண்டு, “ஒரு வீடியோவில் அப்படிச் சொல்கிறார்கள். இன்னொன்றில் வேற மாதிரிச் சொல்கிறார்கள்” என்றாள்.

“என்னெண்டு?”

“அப்பாவின் உடம்பை அது போட்டுக்கொண்டிருந்தால் அப்பாவும் செத்துப்போவார்.”

“அப்ப முதல் சொன்னனீயே, சோத்துக்கு முன்னால இருந்து?”

“அப்போது எனக்கு அது தெரியாது.” போர்வையை இழுத்து முழங்காலுக்கு மேல் போட்டாள். “சொன்ன பிறகுதான் மற்றதைப் பார்த்தேன். நீங்கள் வேலையில் செத்துப்போவீர்கள் என்று நினைத்தேன். ஒவ்வொரு காலையும் காரின் சத்தம் கேட்கும்வரை முழித்துக்கொண்டிருந்தேன்.”

“கார் வந்தாப் பிறகு?”

“பிறகு நித்திரை மாதிரிக் கிடப்பேன். நீங்கள் ஊதுவீர்கள்.”

யசீகரன் கையால் முகத்தைத் துடைத்தான். அவன் வருவானோ என்று விடிய விடியக் காத்திருந்து, வந்த பிறகு அவனுக்கே பயந்து கண்ணை மூடிக்கொண்டு ஒரு பிள்ளை இத்தனை நாளாய்க் கிடந்திருக்கிறது. அவன் அந்த நெற்றியில் கை வைத்தும் விளங்காமல் போயிருக்கிறான். குசினியில் சோறு கொதித்து மூடி தட்டியது.

“இனி ஊதமாட்டன்” என்றான். “பூசவும் மாட்டன், நீ கேக்காமல். ஆனால் அது என்ன எண்டு நீ ஒருக்காத் தொட்டுப் பார். போய்ச் சாமி அலுமாரிக்குள்ள இருந்து எடுத்துக்கொண்டு வா. எனக்குப் பூசிவிடு. நான் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறன். நீ ஊது. எலும்பெண்டா எனக்குத்தானே வருத்தம் வரும்.”

கட்டில் முனகியது. அவள் அவனைத் தொடாமல், நிலையின் மற்றப் பக்கத்தால் உடம்பை ஒடுக்கி வெளியே போனாள். யசீகரன் கண்ணை மூடினான். போனவள் திரும்பி வருவாளோ, குசினிக்குள் போய்த் தாயின் பின்னால் நிற்பாளோ தெரியவில்லை. எழும்பிப் பார்க்கவும் உடம்பில் தெம்பில்லை. கூரைத் தகரத்தில் மழை தணிந்து சொட்டுச் சொட்டாய் விழுந்தது. ஒரு ரயில் போய் அலுமாரிக் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது.

பிறகு நெற்றியில் குளிர்ந்த விரல் ஒன்று பட்டது. மிகவும் அதிகமாய்த் தூளை அள்ளி, கோணலாகப் பூசியது. மூக்கிலும் மடியிலும் உதிர்ந்தது. அவன் அசையாமல் இருந்தான். ஊதுவாள் என்று காத்திருந்தான். ஊதவில்லை. அதற்குப் பதிலாக அவன் புருவத்துக்கு மேல் ஒரு சின்னக் கை குடைபோல வந்து நின்றது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிடந்த பிள்ளை அந்தக் கையை எப்படிப் பார்த்துப் பழகினாள் என்று கேட்க நினைத்தான். கேட்பதற்குள் நித்திரை அவனை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

சோற்றை வடித்துவிட்டு வசந்தமலர் வந்து பார்த்தபோது, அவன் தலை சரிந்து நிலையில் சாய்ந்து வாய் திறந்து கிடந்தான். முகமெல்லாம் வெள்ளை. ஓர் அடி தள்ளிக் கஜானி சம்மணம் கட்டி இருந்தாள். திருநீற்றுக் கிண்ணம் மடியில் இருந்தது. அவன் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன கோலமடி இது? இஞ்சருங்கோ, எழும்புங்கோ, சாப்பிட்டிட்டுப்—”

“சத்தம் போடாதேங்கோ அம்மா” என்றாள் கஜானி, தமிழில். “அப்பா நித்திரை.”

வசந்தமலர் கையில் இருந்த அகப்பையோடு அப்படியே நின்றாள். அடுத்த கிழமை பள்ளிக்குப் போக வேண்டும். நாளைக் காலைக்கு இன்னும் ஒரு வழி பண்ணவில்லை. இரவு எட்டு மணிக்கு இவனை எழுப்பி உப்புக்கு அனுப்ப வேண்டும். அவள் மெதுவாகத் திரும்பிப் போய் அடுப்பை அணைத்தாள்.